அருவி வாங்கிய இருபத்தைந்து மதிப்பெண்

"திரு. இ. நயினார், முதுநிலை மதிப்பீட்டாளர், ஆற்றல்மிகு கற்பித்தல் முறைகள் பிரிவு. அயல்மொழி வகுப்பறைகளில் முப்பத்தெட்டு ஆண்டு அனுபவம் உடையவர். ஜெர்மன் மொழியில் மேல்நிலைத் தேர்ச்சி பெற்றவர். ஆசிரியரின் துடிப்பைக் கண்ட மாத்திரத்தில் கணிக்கும் திறன் வாய்ந்தவர்."

தென்காசியில் தென்பொதிகை ஜெர்மன் அகாடமி என்று ஒன்று நடக்கிறது. அதன் வழவழப்பான கையேட்டில் நான்காம் பக்கத்தில் இப்படி அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே புகைப்படம். அதில் கோட்டும் டையும் ஸ்டுடியோக்காரருடையவை, மீசை மட்டும் நயினாருக்குச் சொந்தம். முப்பத்தெட்டு ஆண்டு என்ற கணக்கில் பிழையில்லை. அத்தனை ஆண்டையும் அவர் கழித்தது காவல் நிலையங்களில். ஜெர்மன் என்று ஒரு பாஷை இருப்பது அவருக்குத் தெரியும். கையேடு அச்சாகிற அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

கடையத்துக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் பார்த்த வீட்டில் நாலாவது பிள்ளையாகப் பிறந்தவர் நயினார். மூத்தவர்கள் மூவரும் வயலைப் பங்கு போட்ட பிறகு மிஞ்சியது வரப்புதான் என்பதால், 1986இல் போலீஸில் சேர்ந்தார். ஓட்டத்தில் சுமார், லத்தி சுழற்றுவதில் அதைவிடச் சுமார். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் இரண்டே வருடத்தில் அவரை ரைட்டர் ஆக்கிவிட்டார்கள். ஸ்டேஷனில் வருகிற புகார், வாக்குமூலம், கைதுக் குறிப்பு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுகிறவருக்கு அந்தப் பெயர். இன்ஸ்பெக்டர் சொல்லுவார், ரைட்டர் எழுதுவார். மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னாலிருந்து எழுப்பிக் கொண்டுவரப்பட்டவன், நயினாரின் அழகான எழுத்தில் விடியற்காலை நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் சந்தேகத்துக்கு இடமான முறையில் நின்றுகொண்டிருப்பான். தன் சர்வீஸில் ஒருத்தரையும் கை ஓங்கி அடித்ததில்லை என்று நயினார் பெருமையாகச் சொல்வார். உண்மைதான். அடித்தது யாருக்கும் தெரியாதபடி எழுதினார், அவ்வளவே.

2024இல் சிறப்பு சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். மாலையோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு மனைவி ஆவுடைத்தாயிடம் ஒரு சபதம் போல அறிவித்தார்.

"ஏட்டி, இனிமே கண்ணால பாக்காத ஒண்ணையும் எழுத மாட்டேன் பாத்துக்கோ."

"இனிமே எழுத என்ன இருக்கு? ரேஷன் கடை ஃபாரத்த எழுதுவிய. அதுல பொய் எழுதுனா அரிசி கிடைக்காது," என்றாள் ஆவுடைத்தாய்.

அந்தச் சபதத்துக்கு வேலை வைத்தவர் சுபாஷ். வயது முப்பத்து நாலு. மோட்டார் சைக்கிள் ஷோரூமில் வண்டி விற்றுக்கொண்டிருந்தவர். ஜெர்மனியில் நர்ஸுக்குத் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டு, தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பக்கம் நர்ஸிங் முடித்துவிட்டு உள்ளூர் ஆஸ்பத்திரிகளில் நிற்கிற பிள்ளைகளைக் கணக்கெடுத்து, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் ஒரு ஃபர்னிச்சர் கடையின் மாடியில் அகாடமியைத் திறந்தார். சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, கல்யாண மண்டபத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் முகாமும் நடத்தினார். மொழி என்பது உடம்பால் கற்க வேண்டியது, ஆசிரியர் ஓட வேண்டும், குதிக்க வேண்டும், வகுப்பு அதிர வேண்டும் என்பது பயிற்சியாளரின் கட்சி. போகும்போது ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆசிரியரின் ஆற்றலை நூற்றுக்கு அளக்கும் படிவம்.

அளக்க ஆள் வேண்டுமே. நயினாரைக் கூப்பிட்டனுப்பினார் சுபாஷ். அச்சுக்குப் போகவிருந்த கையேட்டை அவர் முன்னால் விரித்து வைத்தார்.

"எனக்கு ஜெர்மன் தெரியாதே தம்பி."

"அப்படி ஆளுதான் அண்ணாச்சி வேணும். பாஷ தெரிஞ்சவன உக்கார வச்சா பாடத்தக் கேக்க ஆரம்பிச்சிருதான். டீச்சரக் கவனிக்க மாட்டக்கான்."

"பொறவு புஸ்தகத்துல எனக்குத் தெரியும்னு போட்டிருக்கிய?"

"அது தாய் தகப்பன் பாக்கதுக்கு. நீங்க படிவத்தப் பாருங்க. கண்ணால கண்டத எழுதுனாப் போதும்."

கடைசி வாக்கியம் நயினாரைக் கவிழ்த்துவிட்டது. கண்ணால் கண்டதை எழுது என்று முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு அதிகாரிகூட அவரிடம் சொன்னதில்லை.

படிவத்தில் நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மதிப்பெண். வகுப்பின் ஒலி: செல்போனில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து வைக்க வேண்டும், எழுபது டெசிபலைத் தாண்டினால் முழு மதிப்பெண். ஆசிரியரின் நடமாட்டம். கைதட்டல். சிரிப்பு. அடியில் பிற குறிப்புகள் என்று மதிப்பெண் இல்லாத ஒரு கட்டம், இரண்டு விரல் அகலத்துக்கு. பிள்ளைகள் ஏதாவது கற்றுக்கொண்டார்களா என்பதற்குக் கட்டம் கிடையாது. அது தேர்வு நடத்துகிறவன் பார்க்க வேண்டியது, நாம் ஏன் இரண்டு தரம் பார்க்க வேண்டும் என்று சுபாஷ் விளக்கினார். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

நவம்பரில் நயினார் முதலில் உட்கார்ந்தது சந்தோஷ்குமாரின் வகுப்பில். இருபத்தாறு வயது. கழுத்தில் விசில், கையில் ஒரு டென்னிஸ் பந்து. பந்து யார் மடியில் விழுகிறதோ அந்தப் பிள்ளை எழுந்து தன் பெயரையும் ஊரையும் ஜெர்மனில் கத்த வேண்டும், மற்றவர்கள் இரண்டு தரம் தட்டி ஒரு தரம் மிதிக்க வேண்டும். கீழே கடையில் சோபா மேல் காரை உதிர்கிறது என்று ஃபர்னிச்சர்காரர் இருமுறை மேலே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். ஊர்வலத்தில் தலை எண்ணிப் பழகிய நயினார், நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுத்துக் கைதட்டல்களை எண்ணினார். ஒலி எண்பத்தெட்டு. மொத்தம் தொண்ணூற்று நாலு. அவருக்கே கால் பெருவிரல் தாளம் போட்டது.

வகுப்பு முடிந்து, மாடிப்படியில் உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தான் சந்தோஷ்குமார்.

"மார்க் வந்துட்டுல்லா அண்ணாச்சி?"

"தொண்ணூத்தி நாலுடே."

"ஒரு நா உக்காந்து எழுத வைக்கலாம்னு பாக்கேன். உக்காந்தா மார்க்கு போயிருமே. எனக்குத் தொண்டையும் போச்சு, ஜெர்மனும் போச்சு. பெயரு, ஊரு, வயசு. அதத் தாண்டவே முடியல."

அடுத்த வியாழக்கிழமை அலிமாவின் வகுப்பு. கடையநல்லூர்க்காரர், நாற்பத்தொரு வயது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். உம்மா விழுந்து இடுப்பு முறிந்ததும் திரும்பி வந்து, உம்மாவோடு தங்கிவிட்டார். அவர் வகுப்பில் ஒன்பது நர்ஸுகள். அலிமா நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததோடு, குரலையும் தாழ்த்தி, ஏதோ ரகசியம் சொல்லுகிறவர் போலப் பேசினார். பிள்ளைகள் கழுத்தை நீட்டி, முகத்தைச் சுளித்து, உதட்டைப் பார்த்துக் கேட்டார்கள். கேட்டதை எழுதினார்கள். சில சமயம் பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. செயலியின் முள் படுத்துக் கிடந்தது. பண்பொழியிலிருந்து வருகிற மாரிச்செல்வி என்ற பிள்ளை, உங்களைக் குளிப்பாட்டட்டுமா என்று நோயாளியைக் கேட்பதற்குப் பதில் என்னைக் குளிப்பாட்டுங்கள் என்று சொல்லித் தொலைத்தபோது மட்டும் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நயினாரும் சிரித்தார்.

ஒலி நாலு, நடமாட்டம் மூன்று, கைதட்டல் பூஜ்யம், சிரிப்பு பதினாலு. மொத்தம் இருபத்தொன்று.

"கொஞ்சம் சத்தமாப் பேசப்படாதா டீச்சர்?" என்று கேட்டார் நயினார். அக்கறையாகத்தான் கேட்டார்.

"நான் வேணும்னுதான் மெதுவாப் பேசுதேன் அண்ணாச்சி. அங்கன எண்பது வயசு, தொண்ணூறு வயசுக்காரங்க. பல்செட்டக் கழத்தி வச்சிட்டு முனங்குவாங்க. நான் கத்திச் சொல்லிக் குடுத்தா இவளுகளுக்குக் கத்துறதுதான் வெளங்கும். அங்க இவளுககிட்ட யாரு கத்தப் போறா?"

"அப்ப சந்தோஷ் தம்பி செய்யது தப்பா?"

"யாரு சொன்னா? வாயே தொறக்காத பிள்ளைகளுக்கு முதப் பத்து நாளு அவருதான் மருந்து. பொறவு உக்காந்துதான ஆவணும்."

இரண்டு முறைகளையும் எடைபோட்டு அந்த அகாடமியில் யாராவது சொன்ன ஒரே உருப்படியான மதிப்பீடு இதுதான். மதிப்பீட்டாளர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

இருபத்தொன்றைப் பார்த்ததும் சுபாஷ் அலிமாவையும் ஒன்பது பேரையும் குற்றாலத்துக்கு மாற்றினார். மெயின் அருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடி ஹால். சீசன் இல்லாத காலத்தில் சும்மா பூட்டிக் கிடப்பது. தென்காசிக்கு வந்து சேருகிற பெற்றோர் கண்ணில் இந்த ஊமை வகுப்பு பட வேண்டாம் என்பது அவர் எண்ணம். ஜூன் கடைசிக்குள் அறுபது மதிப்பெண் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது என்று கடிதமும் கொடுத்தார். பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் தேர்வு. அதுவரை கூட இருந்து கரையேற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அலிமாவுக்கு வேறு கோரிக்கை இல்லை.

ஜனவரியிலிருந்து வியாழன்தோறும் நயினார் டவுன் பஸ் பிடித்துக் குற்றாலம் போனார். வாரா வாரம் போக வேண்டும் என்று சட்டமில்லை. மாதம் ஒரு தரம் போதும். வீட்டில் இருந்தால் ஆவுடைத்தாய் சீரியல் பார்ப்பாள், இவருக்குக் கேட்கவும் மனசில்லை, எழுந்து போகவும் இடமில்லை. லாட்ஜ் ஹாலில் பூஞ்சை வாடை அடித்தது. மெத்தைகளை ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். அதை ஒட்டிப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கைதட்டல் ஏதும் எண்ணுவதற்கு இல்லாததால், காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்தார். ரைட்டர் கை சும்மா இருக்காது. முதலில் சத்தத்தை எழுதினார். மார்ச்சுக்குள் சத்தத்துக்குப் பக்கத்தில் அர்த்தமும் எழுதினார்.

ஏப்ரலில் ஒரு நாள் அலிமா ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டார். ஒரு கிழவியின் குரல், இருமலுக்கு நடுவே இழுத்து இழுத்துப் பேசியது. என்ன சொல்லுகிறாள் என்று கேட்டார் அலிமா. ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இடது முழங்காலு. நேத்துலேருந்து வலிக்காம். மாத்திரையப் போட்டுட்டா, ஆனா கேக்கல," என்றது பின்வரிசை.

எல்லாரும் திரும்பினார்கள். நயினாருக்கே தூக்கிவாரிப் போட்டது. மாரிச்செல்வி, "ரைட்டர் சார், நீங்களும் ஜெர்மனி வாரியளா? எங்கூட வாங்க, ஒரு கிழவியப் பாத்துக்கிடுங்க," என்றாள். வகுப்பு சிரித்தது. அலிமா சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அறுபது வயது தாண்டிய போலீஸ்காரர் ஒருவருக்குப் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்ததிலேயே பாஷை காதில் ஏறியிருக்கிறது என்றால், அந்த முறையைப் பற்றி வேறு சாட்சி வேண்டாம். ஆனால் சாட்சி நாற்காலியில் நெளிந்தார். மேல்நிலைத் தேர்ச்சி பெற்றவர் என்று அச்சில் இருக்கிறவர், முழங்கால் வலியைப் புரிந்துகொண்டதற்காகச் சந்தோஷப்படுவதை வெளியே சொல்ல முடியுமா?

ஜூனில் சாரல் இறங்கியது. லாட்ஜ் விழித்துக்கொண்டது. அறைக்கு எட்டுப் பேர், வராந்தா முழுக்க ஈரத் துண்டு, படியெல்லாம் மசாஜ் எண்ணெய். கீழே எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஆளை மறித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அருவி. மாடி ஹாலின் ஜன்னலைச் சாத்தினாலும் சுவர் வழியாக வந்தது.

மதிப்பீட்டு நாள் ஜூன் கடைசி வியாழன். முந்தின நாள் மலையில் கொட்டிய மழையில் அருவி, தனக்கு முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச் வளைவைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். போலீஸ் மைக் விடாமல் எச்சரித்தது, தடையைக் கேட்காத கூட்டம் கூச்சலிட்டது, விசில் பறந்தது. ஹாலில் அலிமாவின் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. அவர் எழுந்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் நடந்து போய், காதருகே குனிந்து, சொன்னதையே மறுபடி சொன்னார். இந்த வரிசைக்குச் சொல்லும்போது அந்த வரிசை ஜன்னலுக்குத் திரும்பியது. திருப்பக் கைதட்டினார். திரும்பினார்கள், மறுபடி போனார்கள். ஒரு பாடமும் நடக்கவில்லை. ஏழு மாதத்தில் அலிமா நடத்திய ஆக மோசமான வகுப்பு அதுதான்.

படிவம் அப்படிச் சொல்லவில்லை. நடமாட்டம் பதினேழு, கைதட்டல் பத்து, சிரிப்பு ஒன்பது. ஒலி எண்பத்து நாலு டெசிபல், ஆகவே இருபத்தைந்து. கூட்டினால் அறுபத்தொன்று.

பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு அலிமா அவரிடம் வந்தார். எவ்வளவு மதிப்பெண் என்று அவர் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, இந்த அருவிச் சத்தத்தப் பத்திக் கொஞ்சம் எழுதுங்க. ஒரு மாசமா பிள்ளைகளுக்கு ஒண்ணும் காதுல விழல. நான் சொன்னா சுபாஷ் சார் கேக்க மாட்டக்காரு. தென்காசியில ஒரு ஸ்டோர் ரூம் குடுத்தாக்கூடப் போதும்."

"எழுதுதேன் டீச்சர்," என்றார் நயினார்.

அலிமா போனதும் நயினார் வெற்று ஹாலின் நடுவே நின்று செயலியை மறுபடி திறந்தார். ஆசிரியர் இல்லை, மாணவர் இல்லை. எண்பத்து மூன்று.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது சுபாஷ் போன் செய்தார்.

"எவ்வளவு அண்ணாச்சி?"

"அறுவத்தொண்ணு வருது."

"அடிச்சு விட்டாச்சு! நான் என்ன சொன்னேன்? நம்ம மெத்தடு ஆரையும் விடாது. இருபத்தொண்ணுலேருந்து அறுவத்தொண்ணு. அப்படியே போஸ்டர் அடிச்சு பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டப் போறேன். அந்த அம்மாவுக்கு அடுத்த வருசத்துக்கும் ஆர்டர் ரெடி பண்ணுதேன். சனிக்கிழம படிவத்தக் குடுத்துருங்க."

போனை வைத்த நயினாருக்குக் காபி கசந்தது. இந்த அறுபத்தொன்று அப்படியே போனால் அலிமா இருப்பார், ஒன்பது பிள்ளைகளும் அவரிடமே படிப்பார்கள். யாரும் இவரைக் கேள்வி கேட்கப் போவதில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. ஆனால் அது பொய். தன் கையெழுத்தில் ஒரு பொய் போஸ்டராகிப் பஸ் ஸ்டாண்டில் நிற்கப் போகிறது. இன்ஸ்பெக்டர்கள் சொல்லச் சொல்ல அதே பஸ் ஸ்டாண்டில் இவர் எழுதி நிறுத்திய ஆட்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாரா என்றால், பார்த்தார். அதனாலேயே இந்தத் தடவை கையெழுத்துப் போடாமல் ஆவுடைத்தாயிடம் போனார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆவுடைத்தாய் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"அந்தப் பொம்பள நல்லாச் சொல்லிக் குடுக்காளா இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க."

"நல்லாத்தான் சொல்லிக் குடுக்கா. எனக்கே வந்துட்டே."

"அப்ப அத எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லட்டி."

"கீழ ஒரு கட்டம் காலியாத்தான கெடக்கு?"

"அதுல எழுதுனா எனக்கு இதுக்கு முன்னால ஜெர்மன் தெரியாதுன்னு ஆயிருமே. புஸ்தகத்துல போட்டிருக்கான்."

"சரி, ஒண்ணும் எழுதாம விடுங்க. அறுவத்தொண்ணு இருந்துட்டுப் போவுது."

"அது அருவி வாங்குன மார்க்கு. தப்பு. அவளே சத்தத்தப் பத்தி எழுதுங்கன்னு சொன்னா."

"ரூம மாத்தத்தான சொன்னா? மார்க்க மாத்தவா சொன்னா?" ஆவுடைத்தாய் ரிமோட்டை எடுத்தாள். "ஸ்டேசன்ல எழுதும்போது வராத நேர்ம இப்ப இந்தப் பாவத்துமேல வந்து எறங்குது. அங்கனயே கொஞ்சம் எறங்கியிருக்கப்படாதா?"

சனிக்கிழமை காலை நயினார் குளித்து, திருநீறு பூசி, மேசையில் படிவத்தை விரித்து, பிற குறிப்புகள் கட்டத்தில் முத்து முத்தாக எழுதினார்: "வகுப்பில் பதிவான ஒலி ஆசிரியருடையது அன்று. அருவியினுடையது. ஆளில்லாத அறையிலும் அளந்து உறுதி செய்யப்பட்டது. எனவே ஒலிக்கான இருபத்தைந்து மதிப்பெண் கழிக்கப்படுகிறது." கட்டத்தில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. அறையை மாற்ற வேண்டும் என்று எழுதலாம் என நினைத்தார். அது மதிப்பீட்டாளரின் வேலை இல்லை என்று பட்டது. மொத்தம் என்ற இடத்தில் முப்பத்தாறு என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

அந்த எழுத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கோர்ட்டில் வைத்தாலும் நிற்கும்.

சுபாஷுக்கு முதலில் முகம் சுண்டியது, போஸ்டர் போயிற்றே. பிறகு யோசித்து, இதையும் லாபமாக்கினார். ஆசிரியர் கூட்டத்தில் அந்தக் குறிப்பை உரக்கப் படித்து, "மதிப்பீடுன்னா இதுதான். சொந்தம் பந்தம் பாக்காம எழுதுதாரு அண்ணாச்சி," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சந்தோஷ்குமார் தட்டவில்லை. இனி ஒன்பது பேரையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவன் அவன். தொண்டையில் மஃப்ளர் சுற்றியிருந்தான்.

அலிமா தன் புத்தகங்களை எடுக்க வந்தபோது மாடிப்படியில் எதிர்ப்பட்டார் நயினார். ஒதுங்கப் பார்த்தார். படி குறுகல்.

"அருவியப் பத்தி எழுதிட்டியளாமே அண்ணாச்சி."

"நீங்கதான டீச்சர் எழுதச் சொன்னிய."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அதற்குமேல் அலிமா தமிழில் பேசவில்லை. வழக்கமான அந்தத் தாழ்ந்த குரலில், நிதானமாக, ஜெர்மனில் ஒன்று கேட்டார். என் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது எழுதினீர்களா என்று கேட்டார். நயினாருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நாழியாகிவிட்டது, பஸ் போய்விடும் என்று தமிழில் சொல்லிவிட்டு இறங்கினார்.

ஒன்பது பேரும் சந்தோஷ்குமாரின் வகுப்பில் ஜூலை முழுக்கப் பந்து பிடித்தார்கள். ஆகஸ்ட் தேர்வில், ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதும் தாளில் தேறியவர்கள் மூன்று பேர். பழியை முழுக்க அவன் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஜூன் மாதத்தை அருவி தின்றுவிட்டது. மீதியைப் படிவம் தின்றது. மாரிச்செல்வி இரண்டு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள். கடையநல்லூரில் அலிமா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் படிக்கலாம் என்று பார்த்தாள். உம்மாவுக்குத் திரும்பவும் முடியாமல் போய், அலிமா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நயினாரைப் பார்த்ததும் மாரிச்செல்வி நேரே வந்தாள்.

"ரைட்டர் சார், நீங்க பரீட்ச எழுதியிருந்தாப் பாஸ் ஆயிருப்பிய, இல்ல?"

"ஏன் பிள்ள அப்படிக் கேக்க?"

"சும்மாதான் கேட்டேன். எங்ககூடத்தான படிச்சிய."

செங்கோட்டை பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

நயினார் இப்போதும் அகாடமியில்தான் இருக்கிறார். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் அவரை நல்லவர் என்கிறார்கள், சிலர் கோழை என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. நடந்ததைச் சொல்லிவிட்டால் போதும். நவம்பர் முதல் ஜூன் வரை அலிமாவின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து நயினார் ஜெர்மன் கற்றுக்கொண்டார். அதை அவர் எங்கும் எழுதவில்லை. அலிமாவுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு போட்டார்.